ஒச்சாயியின் செடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

ஒச்சாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நாலு என்ன, நாற்பது சொல்லலாம், அதுதான் எரிச்சல். கெட்டதாகச் சொல்ல ஒன்றாவது கிடைக்காதா என்று ஆறு வருடமாகத் தேடியிருக்கிறேன். என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, இரண்டு பக்கமும் திருப்பி, ஓட்டை, கறை, தையல் விட்டது, நிறம் மாறியது எல்லாவற்றையும் அரை நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடுவேன். பிறகு அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். ஒச்சாயி மேல் ஒட்டுவதற்கு மட்டும் எனக்கு ஓர் இடம் அகப்படவில்லை.

அவள் உசிலம்பட்டிப் பக்கம். கணவர் மொக்கைச்சாமி சாயப்பட்டறையில் லோடு ஏற்றுகிறார். இவள் எங்கள் கம்பெனிக்குப் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தபோது கையெழுத்துப் போடுவதற்கே நாக்கைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம் எடுத்துக்கொள்வாள். எந்தப் பக்கம் பேருந்து ஏற வேண்டும் என்றுகூடத் தெரியாது. இரண்டே வருடத்தில் எனக்கு எதிர் மேஜையில் செக்கராக உட்கார்ந்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, வேலை தெரிந்தவள்தான். வருத்தம் அவள் வேலை செய்யும் விதத்தில். ஒரு பீஸில் தப்பு இருந்தால் நான் ஸ்டிக்கர் ஒட்டிக் கூடையில் வீசுவேன். இவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தைத்தவளிடமே நடந்து போவாள். "இத மட்டும் பிரிச்சு அடிச்சுக் குடுத்துரு தாயி, யாருக்கும் தெரிய வேணாம்" என்று காதோடு சொல்லிவிட்டு வருவாள். டெய்லர்கள் எல்லாரும் இவள் பக்கம் சாயாமல் என்ன செய்வார்கள்?

முன்பெல்லாம் பதினொரு மணி டீக்கு என் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். யார் வீட்டில் என்ன, எந்த லைனில் யாரோடு யாருக்குச் சண்டை, எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். அந்தக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் நகர்ந்தது. போகட்டும் என்று விட்டேன். ஆனால் என் மகளும் அந்தக் கூட்டத்தில் போய் நின்றபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

மதுமதி எனக்கு ஒரே பிள்ளை. பி.காம் முடித்துவிட்டு எங்கள் கம்பெனியிலேயே மாடியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு உதவியாக வேலைக்குச் சேர்ந்தாள். மண்ணரையிலிருந்து இருவரும் ஒரே ஸ்கூட்டியில் வருவோம், ஒரே ஸ்கூட்டியில் போவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீ நேரத்துக்கு மாடியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வருவாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தலையை நிமிர்த்திக்கொண்டு அவள் வருவதை மொத்தச் செக்கிங் பிரிவும் பார்க்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் காலையில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொள்வேன். மூன்று மாதம் அப்படி நடந்தது. அப்புறம் இறங்கி வந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஒச்சாயியின் மேஜைக்குப் போக ஆரம்பித்தாள்.

அங்கே ஜன்னல் ஓரத்தில் ஒரு பெயிண்ட் வாளியில் ஒச்சாயி செடி வைத்திருந்தாள். ஸ்நேக் பிளான்ட் என்கிறார்கள். எங்கள் பக்கத்து வேலியோரங்களில் கேட்பாரில்லாமல் கிடக்கும் மருள் செடிக்கு அது ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஆனால் ஒச்சாயி வைத்திருந்தது நெட்டுக்குத்தாக, ஆள் இடுப்பளவுக்கு நின்றது. ஒவ்வோர் இலையின் இரண்டு ஓரத்திலும் அடியிலிருந்து நுனி வரை மஞ்சள் கோடு ஓடும், வேட்டிக்குக் கரை பிடித்த மாதிரி. வெயில் கேட்காது, உரம் கேட்காது. ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரி ஒருத்தி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் ஈஸ்வரமூர்த்திக்கு அந்தச் செடி கம்பெனிச் சொத்தாகிவிட்டது.

அது அடியில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். குட்டி ஒரு சாண் வளர்ந்ததும் ஒச்சாயி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாளியைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, வேரோடு குட்டியைப் பிரித்து யாராவது ஒருத்திக்குக் கொடுத்துவிடுவாள். ஓவர்லாக் தைக்கிறவள், அயர்ன் போடுகிறவர், வாசலில் இருக்கும் செக்யூரிட்டி கன்னையன், எல்லார் வீட்டிலும் இவள் கொடுத்த செடி நிற்கிறது. நான் கேட்கவில்லை. அவளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒன்றரை வருடம் அப்படியே இருந்தேன்.

போன ஆவணியில் மடத்துக்குளத்திலிருந்து மதுமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். தோப்பு, துரவு உள்ள குடும்பம், பையனும் கச்சிதமாக இருந்தான். "புடிச்சிருக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "உங்களுக்குப் புடிச்சாச் சரிதாம்மா" என்றாள். நானும் என் வீட்டுக்காரரும் சந்தோஷப்பட்டோம். நான்கு நாள் கழித்து ஒச்சாயி கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிறாதீங்க. மதுவுக்கு அந்த மாப்பிள்ளையப் புடிக்கல. நேத்து எங்கிட்டச் சொல்லி அழுதுச்சு."

அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டோம். விட்டது நல்லதுதான், பின்னால் அந்தப் பையனைப் பற்றி நாலு விதமாகக் கேள்விப்பட்டோம். ஒச்சாயிக்கு நான் நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. பத்து மாதம் சுமந்து, இருபத்துமூன்று வருடம் தலை வாரிவிட்ட என்னிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, அழுவதற்கு என் மகள் அவளிடம் போயிருக்கிறாள். அன்றிலிருந்து எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. மதுமதி டீக்கு என் மேஜைக்கு வர வேண்டும். எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும்.

ஒருநாள் நான் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். "ஊருக்கெல்லாம் செடி குடுக்கறே, எனக்கு மட்டும் குடுக்க மாட்டீங்கறே?"

ஒச்சாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ, கடைசிக் குட்டிய முந்தாநாத்துதான் மதுவுக்குக் குடுத்தேன்க்கா. மேல அவ மேசையில வச்சிருக்காளே. மகளுக்குக் குடுத்தா ஒங்களுக்குக் குடுத்த மாதிரின்னு நெனச்சுட்டேன்" என்றாள். மதுமதியும் அப்போது பக்கத்தில்தான் டீ தம்ளரோடு நின்றாள். மாடியில் செடி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. செடி வந்ததை அவள் என்னிடம் சொல்லவேயில்லை.

ஒச்சாயி கத்தரிக்கோலை எடுத்து, செடியில் இருந்ததிலேயே உயரமான இலையை அடியோடு வெட்டி என் கையில் கொடுத்தாள்.

"இத மூணு துண்டா வெட்டி, ரெண்டு நாள் நெழல்ல காயப் போடுங்க. வெட்டுன வாய் காஞ்சாத்தான் அழுகாது. அப்பறம் மணல் கலந்த மண்ணுல ரெண்டு வெரல் ஆழத்துக்கு ஊனி வைங்க. அடி எது, நுனி எதுன்னு குறி வச்சுக்கங்க, தலைகீழா ஊனுனா வேர் விடாது. தண்ணி மட்டும் மாசத்துக்கு ரெண்டு தடவ. அதுக்கு மேல ஊத்துனா இது செத்துப் போகும்க்கா. இதக் கொல்றதுக்கு வேற வழியே கெடையாது."

எல்லாருக்கும் வேரோடு குட்டி. எனக்கு வெட்டிய இலை. அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இலையை மூன்றாக வெட்டினேன். குறி வைக்க எங்கே போவது? என் கைப்பையில் எப்போதும் ஸ்டிக்கர் தாள் கிடக்கும். நுனியோடு இருந்த முதல் துண்டில் அம்பின் முனை அடிப்பக்கம் பார்க்கும்படி ஒட்டினேன். அதற்குள் குக்கர் விசில் அடித்தது, போய்விட்டு வந்தேன். மற்ற இரண்டு துண்டிலும் மேல்பக்கமாகச் சின்னச் சின்னக் கீறல் இருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம் எங்கே போகும்? கை தானாக அம்பின் முனையைக் கீறலைப் பார்த்துத் திருப்பி ஒட்டிவிட்டது. இரண்டு நாள் காய்ந்த பிறகு அந்த இரண்டிலும் அடி எது, மேல் எது என்று தெரியவில்லை. அம்பு காட்டிய பக்கத்தை மண்ணுக்குள் வைத்து மூன்றையும் ஊன்றினேன். ஒன்று நேராக, இரண்டு தலைகீழாக. இரண்டும் மூன்றே வாரத்தில் சுருங்கித் தொய்ந்து விழுந்தன. ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் நான் செய்த கூத்து எனக்கே புரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நேராக ஊன்றிய முதல் துண்டு மட்டும் அப்படியே நின்றது. வளரவும் இல்லை, சாகவும் இல்லை. தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. கொஞ்சம் அசைத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் ஓரம் போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, "கெணத்துல என்னத்தையோ போட்டவளாட்டம் தெனமும் எட்டிப் பாக்கறயே" என்பார். தை பிறந்து ஒரு வாரத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு விரல் நுனியளவு ஒரு குருத்து வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இது நாலு விரல் உயரம் வந்ததும் ஒரு நல்ல தொட்டியில் மாற்றி, கம்பெனிக்குக் கொண்டுபோய் என் மேஜையில் வைப்பது என்று முடிவு செய்தேன். மதுமதி பார்க்கட்டும் என்றுதான்.

குருத்து விரிந்தது. முழுக்கப் பச்சை. மஞ்சள் கோடு இல்லை. இன்னும் வளர்ந்தால் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஓவர்லாக்காரி வீட்டுச் செடியில் கோடு இருக்கிறது, கன்னையன் வீட்டுச் செடியில் இருக்கிறது, மாடியில் என் மகள் மேஜையில் இருக்கும் ஒரு சாண் குட்டியில்கூடக் கோடு தெளிவாக இருக்கிறது. நிற வேறுபாட்டைக் கண்டுபிடித்தே சோறு தின்கிற என்னிடம் ஒச்சாயி வேறு நிறத்தைத் தள்ளிவிட்டிருக்கிறாள். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவளிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது நல்ல பதிலாகச் சொல்லி என்னைச் சின்னவளாக்கிவிடுவாள் என்று கேட்கவில்லை. குறை கிடைத்துவிட்டது, அதை விட மனமில்லை.

மாசியில் சிவராத்திரிக்கு அவர்கள் ஊரில் மாசிப் பச்சை என்று பெரிய சாமி கும்பிடு நடக்கும். அவர்கள் ஆட்கள் திருப்பூரில் எந்த மூலையில் இருந்தாலும் அதற்குப் போய்விடுவார்கள். ஒச்சாயியும் பத்து நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது யாரிடமும் செடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முந்தின நாள்தான் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

மறுநாள் டீ நேரம் அவள் மேஜை காலியாக இருந்தது. நான் எழுந்து போய்ச் செடியின் பக்கத்தில் நின்றேன். கையில் என் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று இந்த ஒரு இடத்தில் என்னால் சொல்ல முடியாது. இதைக் கொல்வதற்கு வேறு வழியே கிடையாது என்று அவள் சொன்னது அப்படியே ஞாபகம் இருந்தது. பாட்டிலில் இருந்த அவ்வளவு தண்ணீரையும் ஊற்றினேன். வாளியின் அடி ஓட்டை வழியாக ஒழுகித் தரையில் ஓடிற்று. பீஸ் நனைந்தால் எல்லாரும் சத்தம் போடுவார்கள் என்று ஒரு பனியன் வேஸ்ட் துண்டைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்தேன்.

நிமிர்ந்தால் படிக்கட்டில் மதுமதி நிற்கிறாள்.

"நீயாம்மா தண்ணி ஊத்தறே?"

"ஆமா கண்ணு. பாவம், ஆளில்லாம வாடிப் போச்சு."

"அதுக்கு அத்தன வேணுமாம்மா?"

"வெயில் ஏறுதில்ல."

அவள் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேலே போய்விட்டாள். நான்கு மணி டீக்கு இறங்கி வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு பன்னு எடுத்து வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றாள்.

என் பன்னை அவளுக்குக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அவளுடைய ஒச்சாயி அக்காவின் செடியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் மேல் அவளுக்கு மனம் இளகியிருக்கிறது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் இரண்டு வேளையும் வந்தாள். டீ நேரத்தில் அவள் என்னோடு இருப்பதால் தண்ணீர் ஊற்றுவதைக் காலை எட்டேகாலுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் மாடி ஏறிய கையோடு ஒரு பாட்டில் ஊற்றிவிடுவேன். ஆறாம் நாள் மெஷின் ஓட்டம் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டதில் ஊற்ற முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து பையர் மீட்டிங் என்று மதுமதி டீக்கு இறங்கவில்லை. நான் ஊற்றாததால்தான் வரவில்லை என்று எனக்குப் பட்டது. மறுநாள் இரண்டு பாட்டில் ஊற்றினேன், பதினொரு மணிக்கு வந்துவிட்டாள். முருகனுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்கிறவள் போல நான் ஒரு நாள் விடாமல் ஊற்ற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் அந்தச் செடி சாக வேண்டும் என்று ஊற்றினேன். பிறகு செடியே எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நாட்களில் அவள் எவ்வளவு பேசினாள். மேலே அவளுடைய சீனியர் பரணி எப்படி எல்லா மெயிலையும் இவள் தலையில் கட்டுகிறான் என்று சொன்னாள். என் இடுப்பு வலிக்கு ஒரு தடவை டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். ஸ்டிக்கர் பசை ஒட்டிப் பிசுபிசுத்த என் கட்டை விரலைப் பிடித்து நகத்தால் சுரண்டிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரி, "என்னங் சித்ராக்கா, பொண்ணு உங்க பக்கம் வந்தாச்சாட்ட இருக்குது" என்றாள். "என்ற பொண்ணு என்ற பக்கம் வராம எங்க போவா" என்றேன். ஒச்சாயி பத்து நாளில் வரவில்லை. அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்கள் என்று ஈஸ்வரமூர்த்திக்குப் போன் செய்து இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொண்டாள். மாசம் முழுக்க அவள் வராவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை, செடியின் பாதி இலைகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தன. இரண்டு நாளாகவே ஒரு நாற்றம் இருந்தது. எலி எங்கோ செத்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அப்படிச் சொன்னவளும் நான்தான்.

ஒச்சாயி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு இலையைப் பிடித்தாள், அது அடி குழைந்து கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு வாளியைச் சாய்த்து அடியில் கையைக் கொடுத்து அந்தப் பனியன் துண்டை உருவினாள். கறுத்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அதற்குள் டெய்லர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். மதுமதியும் யாரோ சொல்லி மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டாள். ஈஸ்வரமூர்த்தி, "யாருங்க இத்தன தண்ணி ஊத்துனது?" என்று சத்தமாகக் கேட்டார்.

ஒச்சாயி அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்தாள். அது என் மேஜை வேஸ்ட். அவள் ஊருக்குப் போவதற்கு முன்பிருந்தே இளநீலச் சட்டை ஓடியது என் மேஜையில் மட்டும்தான். அவளும் செக்கர், அவளுக்குத் தெரியாதா? தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் இதோடு முடிந்தேன் என்று நின்றேன்.

"எந் தப்புதான் சார்" என்றாள் அவள். "அக்காகிட்டத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போனேன். எத்தன நாளைக்கு ஒருக்கான்னு சொல்லாம விட்டுட்டேன். பாவம், அக்கா தெனமும் பாத்திருக்காங்க."

துண்டைச் சுருட்டி வேஸ்ட் மூட்டையில் போட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, சாயாத இலைகளின் மேல்பாதியைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு அட்டையில் அடுக்க ஆரம்பித்தாள். ஓவர்லாக்காரி, "இதுல மறுக்காச் செடி வருமா?" என்று கேட்டாள்.

"வரும். ஆனா மஞ்சக் கோடு வராது. வேரோட குட்டியப் பிரிச்சு வச்சாத்தான் கோடு வரும். எலைய வெட்டி வச்சா வெறும் பச்சையாத்தான் வரும், அதோட கொணம் அப்படி." என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுதும் அப்படித்தான வந்திருக்கும்க்கா? அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், மறந்து போச்சு. நல்ல எலையாப் பாத்துத்தான் வெட்டுனேன்."

அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லி என்னை மண்ணோடு மண்ணாக்கியிருக்கலாம். சொல்லாமல் இருக்க அவளால் முடிகிறது. என்னால் ஒருநாளும் முடியாது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி வீசியிருப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என் மேஜை ஓரம் வந்து நின்றாள். "எம் மேல எதும் கோவமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் வேலையைப் பார்த்தாள்.

அன்று பதினொரு மணிக்கு மதுமதி கீழே இறங்கவில்லை. நான்கு மணிக்கும் இறங்கவில்லை. நான் எடுத்து வைத்த பன் காய்ந்து போயிற்று. அந்த மத்தியானம் முழுக்க என் கை எத்தனை பீஸைத் தப்பாக விட்டது என்று முருகனுக்குத்தான் வெளிச்சம்.

ஆறு மணிக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் ஹெல்மெட்டோடு நின்றாள். நான் சாவியைத் துளையில் விட்டேன், திருக முடியவில்லை. ஒச்சாயி எனக்காகச் சொன்ன பொய்யோடு வீடு வரை போக எனக்குத் தெம்பில்லை.

"மது, ஒச்சாயி எங்கிட்ட எதும் சொல்லீட்டுப் போகல. நானாத்தான் ஊத்துனேன். அழுகீரும்னு தெரிஞ்சேதான் ஊத்துனேன்."

"தெரியும்மா" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அந்தக்கா உனக்கு எலை குடுத்து வெவரம் சொன்னப்ப நானும் அங்கதான நின்னேன்."

அன்றைக்கு அவள் டீ தம்ளரோடு நின்றது எனக்கு இப்போதுதான் உறைத்தது. "அப்பறம் ஏன் கண்ணு அன்னிக்கே என்னைத் தடுக்கல? தெனமும் என்கூட வந்து சிரிச்சுப் பேசிட்டு இருந்தயே?"

அவள் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "உன்னை எப்படிம்மா கேக்கறது? நீ தனியா ஒக்காந்திருக்கறதுனாலதான் இப்படிப் பண்றேன்னு நெனச்சேன். நான் வந்து கூட ஒக்காந்தா நீ நிறுத்தீருவேன்னு நெனச்சேன்."

ஒரு கம்பெனி வேனுக்கு வழிவிட்டு வண்டியை ஓரம் தள்ளினேன்.

"நான் ஊத்தறதுனாலதான் நீ வர்றேன்னு நெனச்சேன் சாமி" என்றேன். "நீ வர வேணும்னுதான் விடாம ஊத்துனேன்."

மதுமதி என்னையே பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. என் கையை விலக்கிச் சாவியை அவளே திருகி வண்டியைக் கிளப்பினாள். "பின்னால ஒக்காரும்மா" என்றாள். உட்கார்ந்தேன். பல்லடம் ரோட்டில் ஏறி, நெரிசலில் நின்று நின்று மண்ணரை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாளைக்குப் பதினொரு மணிக்கு எந்த மேஜைக்கு வருவாய் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.